விளக்குக் கம்பத்து மஞ்சள் காகிதம்

எங்க தெருமுனை விளக்குக் கம்பத்துல ஒரு நாள் மஞ்சள் காகிதம் ஒண்ணு கட்டியிருந்தாங்க. மழையில நனையாம இருக்க பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, இறுக்கிக் கட்டியிருந்தது. காணாமப் போன பூனையைத் தேடுற அறிவிப்புன்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன் (இந்த ஊர்ல பூனை காணாமப் போறது வாராந்திர நிகழ்ச்சி). மூணாவது நாள் பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் படிச்சேன். எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிற ஒரு பழைய வீட்டை எட்டு பேர் தங்குற வாடகை வீடா மாத்த கவுன்சில் கிட்ட அனுமதி கேட்டிருக்காங்க. யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா 21 நாளைக்குள்ள எழுதலாம்.

யாருக்காவதுன்னா யாருக்கு? அறைக்கு வந்து கவுன்சிலோட இணையப் பக்கத்துல தேடிப் பார்த்தேன். யார் வேணும்னாலும் எழுதலாமாம். சொந்த வீடு இருக்கான்னு கேக்கலை, குடியுரிமை கேக்கலை, விசா கேக்கலை. பேரும் முகவரியும் கொடுத்தா போதும். காசும் கிடையாது. வாடகைக்கு ஒரே ஒரு அறையில குடியிருக்கிற என்னை மாதிரி ஆசாமியும் எழுதலாம். (இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருக்கிற மாணவர்கள் இங்க தேர்தல்ல ஓட்டே போடலாம்ங்கிறது தெரியுமோ? காமன்வெல்த் புண்ணியம். நம்மாளுங்க பாதி பேருக்குத் தெரியாது.)

சரி, மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பார்ப்போம்னு திறந்தேன். பதினாலு கடிதம். பதினாலும் எதிர்ப்பு. கார் நிறுத்த இடமில்லைன்னு நாலஞ்சு பேர். குப்பைத்தொட்டி நடைபாதையை அடைக்குதுன்னு சிலர். மிச்சப் பேர் சொன்னதை மரியாதையா மொழிபெயர்த்தா, "இந்தத் தெருவுல மாணவர்கள் ஏற்கெனவே போதும், இனி வேண்டாம்." ராத்திரி சத்தம் போடுறாங்க, தோட்டத்தைப் பார்த்துக்கறதில்லை, வருஷா வருஷம் ஆள் மாறிடுது, பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னே தெரியலை. ஒரு பாட்டியம்மா (எழுத்தை வெச்சு நானா முடிவு பண்ணினது) நாற்பது வருஷமா இதே தெருவுல இருக்கேன், இப்போ ராத்திரி விளக்கு எரியுற ஜன்னல்ல தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லைன்னு எழுதியிருந்தாங்க.

அதைப் படிச்சதும் கோபம் வரலை, ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தத் தெரியாத முகத்துல ஒண்ணு என்னோடது.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் தூங்க விடாம ஒரு கேள்வி. அடுத்தவன் காசு போட்டு வாங்கின வீட்டை அவன் என்ன பண்ணலாம்னு சொல்ல தெருவுல இருக்கிறவங்களுக்கு உரிமை எங்கிருந்து வந்தது? எப்போ வந்தது? மேக்னா கார்ட்டா ஊர் ஆச்சே, எட்டுநூறு வருஷமா இருக்கும்னு நினைச்சேன். தீசிஸ் எழுத வேண்டிய நேரத்துல நூலகத்துல இதைத் தோண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கிடைச்ச பதில் ஆச்சரியமா இருந்தது. இங்கிலாந்துல எல்லாக் கட்டட விண்ணப்பத்தையும் ஊருக்குத் தெரியப்படுத்தியே ஆகணும்னு சட்டக் கட்டாயம் வந்தது 1992ல். நம்ம ரோஜா படம் வந்த வருஷம்!

முதல்லேர்ந்து வரேன்.

இங்கிலாந்தோட முதல் நகரத் திட்டச் சட்டம் 1909ல் வந்தது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின, பின்பக்கம் காற்றே வராத தொழிலாளர் வீடுகளைப் புதுசாக் கட்டக் கூடாதுன்னு தடை போட்டதும் அதே சட்டம்தான். நம்ம ஊர் 1920ஆம் வருஷத்து மெட்ராஸ் நகரத் திட்டச் சட்டத்துக்கு இதுதான் மூத்த அண்ணன். ஆனா 1909 சட்டம் ஊர் விரிஞ்சு போற புது இடங்களுக்குத் திட்டம் போடுறதைப் பத்தினது. பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்புறதெல்லாம் அதுல வராது.

பெரிய மாற்றம் 1947ல். போர் முடிஞ்சு, அட்லியோட தொழிற்கட்சி ஆட்சி. லூயிஸ் சில்கின் என்ற அமைச்சர் கொண்டுவந்த நகர, ஊரகத் திட்டச் சட்டம் 1948 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்னிக்குக் காலையில இங்கிலாந்துல நிலம் வெச்சிருந்த ஒவ்வொருத்தரும் எழுந்து பார்த்தப்போ நிலம் அவங்களுதாத்தான் இருந்தது, அதுல புதுசாக் கட்டுற உரிமை மட்டும் போயிருந்தது. கட்டணும்னா, பயன்பாட்டை மாத்தணும்னா அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும். இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு துளி ரத்தம் சிந்தாம செஞ்சு முடிச்சுட்டாங்க. நிலச்சீர்திருத்தம் பத்திப் பக்கம் பக்கமா விவாதம் பண்ற நம்மூர்ல இதைப் பத்தி ஒருத்தரும் பெருசா எழுதலையேன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

ஆனா பாருங்க, அந்தச் சட்டத்துல ஊர் ஜனங்களுக்கு இடம் ரொம்பக் கொஞ்சம். விண்ணப்பம் போடுறவர் ஒரு பக்கம், கவுன்சில் இன்னொரு பக்கம். கவுன்சில் மாட்டேன்னு சொன்னா விண்ணப்பதாரர் அமைச்சர்கிட்ட மேல்முறையீடு போகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. கவுன்சில் அலுவலகத்துல ஒரு பதிவேடு இருக்கும், யார் வேணும்னாலும் வந்து பார்த்துக்கலாம். அதாவது உங்க வீட்டுக்கு எதிர்ல கசாப்புக்கூடம் வரப்போகுதான்னு தெரிஞ்சுக்கணும்னா தினமும் கவுன்சிலுக்குப் போய் அந்த நோட்டைப் புரட்டிக்கிட்டே இருக்கணும்!

இதுக்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. அந்தத் தலைமுறை உண்மையாவே நம்பியது: நிபுணர்களுக்குத் தெரியும், தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் ஊருக்காகப் பேசுவாங்க, அப்புறம் ஊர் தனியா எதுக்குப் பேசணும்? சில்கினுக்கே இந்த நம்பிக்கை சுட்டது. 1946 மே மாசம் லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்க அறுபதாயிரம் பேருக்கு ஒரு புதுநகரம் கட்டப்போறோம்னு ஊர்க்கூட்டத்துல விளக்கினார். ஜனங்க கூச்சல் போட்டு விரட்டாத குறை. வெளியே வந்து பார்த்தா காரோட டயர்ல காத்து இல்லை, பெட்ரோல் டேங்க்ல மணல். அப்புறம் ரயில் நிலையத்துல ஊர்ப் பேர்ப் பலகையில "சில்கின்கிராட்"னு யாரோ மாத்தி வெச்சுட்டாங்க, ஸ்டாலின்கிராட் மாதிரி! வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. 1947ல் ஊர்க்காரங்க தோத்தாங்க. அமைச்சர் முன்கூட்டியே முடிவு பண்ணிட்டுத்தான் விசாரணை நடத்தினார்னு அவங்க சொன்னதுக்கு, சட்டம் சொன்ன சடங்கை அவர் செஞ்சாரா இல்லையாங்கிறதுதான் கேள்வின்னு பதில் வந்தது. புதுநகரம் வந்தது, இன்னிக்கும் இருக்கு. டயர்ல காத்தைப் பிடுங்கினதுதான் அந்தக் காலத்து "பொதுமக்கள் கருத்து"ன்னு வெச்சுக்கலாம் :-)

ஸ்டீவனேஜைவிட என்னை அதிகமா யோசிக்க வெச்சது சுண்ணாம்புக் குழி வழக்கு. எஸெக்ஸ்ல சாஃப்ரன் வால்டன் ஊர் பக்கத்துல ஒரு கம்பெனி சுண்ணாம்புக்கல் தோண்ட அனுமதி கேட்டது. கவுன்சில் மறுத்தது. கம்பெனி மேல்முறையீடு போச்சு. விசாரணை நடந்தது. பக்கத்து நிலத்துக்காரங்க வந்து, தூசி பறந்து எங்க நிலம் பாழாகும்னு சாட்சி சொன்னாங்க. விசாரணை நடத்தின இன்ஸ்பெக்டர் அதை ஏத்துக்கிட்டு, அனுமதி கொடுக்காதீங்கன்னு அறிக்கை கொடுத்தார். ஆனா விசாரணை முடிஞ்ச பிறகு அமைச்சகம் தனியா விவசாய அமைச்சகத்து நிபுணர்கள்கிட்ட ஆலோசனை கேட்டு, அந்த ஆலோசனையை யாருக்கும் காட்டாம, அனுமதி கொடுத்துடுச்சு. நிலத்துக்காரங்களுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புகூட இல்லை.

பக்ஸ்டன் என்ற நிலத்துக்காரரும் இன்னும் சிலரும் உயர்நீதிமன்றம் போனாங்க. 1960ல் நீதிபதி சால்மன் தீர்ப்பு சொன்னார். அமைச்சகம் செஞ்சது சரியா தப்பான்னு அவர் பேசவே இல்லை. சட்டப்படி "பாதிக்கப்பட்டவர்" மட்டும்தான் வழக்குப் போடலாம், நீங்க பாதிக்கப்பட்டவர் இல்லைன்னுட்டார். அவர் சொன்ன காரணம் இது: 1947க்கு முன்னாடி பக்கத்து நிலத்துக்காரன் தன் நிலத்துல தோண்டுறதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இருந்ததா? இல்லை. திட்டச் சட்டம் பொதுநலத்துக்காக அவன் கையைக் கட்டிப்போட்டது. அதனால உங்களுக்குத் தனியா ஒரு புது உரிமை பிறந்துடலை.

எனக்கு இதைப் படிச்சப்போ முதல்ல அநியாயமாப் பட்டது. மறுபடி படிச்சா, தர்க்கம் ரொம்பச் சுத்தமா இருக்கு. வாழ்க்கையோட ஒட்டலைங்கிறதுதான் குறை. தூசி வீட்டுக்குள்ள வருது, சட்டம் "நீ யாரு?"ன்னு கேக்குது. (1973ல் இன்னொரு வழக்குல நீதிபதி ஆக்னர் இந்தத் தீர்ப்பைப் பின்பற்ற மறுத்தார். விசாரணையில கலந்துக்கிட்டுப் பேசின உள்ளூர் பாதுகாப்புச் சங்கத்துக்காரரும் "பாதிக்கப்பட்டவர்"தான்னு சொன்னார்.) சுண்ணாம்புக் குழி விவகாரம் பத்திரிகைகள்ல நாறிப்போய், விசாரணை முடிஞ்சப்புறம் அமைச்சகம் புதுச் சாட்சியம் வாங்கினா அதை எல்லாருக்கும் காட்டணும்னு 1962ல் விதி வந்தது. தோத்த வழக்குதான், ஆனா விதி மாறிடுச்சு.

இதுக்கிடையில 1959ல் ஒரு சின்னக் கதவு திறந்தது. சில வகைக் கட்டடங்களுக்கு மட்டும் விண்ணப்பதாரர் உள்ளூர்ப் பேப்பர்ல விளம்பரம் கொடுக்கணும், ஜனங்க எழுதுறதைக் கவுன்சில் கணக்குல எடுத்துக்கணும். வழக்குல இதுக்கு வந்த செல்லப்பேர் "கெட்ட அண்டை வீட்டான்". பொதுக்கழிப்பிடம், குப்பை கொட்டுற இடம், கழிவுநீர் நிலையம், ஆடு மாடு அறுக்கிற கூடம்னு நியாயமான பட்டியல். அதே வகையறாவுல டான்ஸ் ஹாலும் நாடகக் கொட்டகையும்! கழிவுநீரும் நாட்டியமும் ஒரே பட்டியல்ல. சத்தமும் கூட்டமும்தான் காரணம்னு புரியுது. ஆனாலும் அந்தப் பட்டியலைத் தயார் பண்ணின குமாஸ்தா சனிக்கிழமை ராத்திரி தூங்க முடியாத ஆளா இருந்திருப்பார்னு ஒரு சந்தேகம்.

கூட்டத்துக்குள்ள போய்ப் பார்க்கிற உரிமை தனிக்கதை. 1960 பிப்ரவரி 5ஆம் தேதி புதுசா வந்த ஒரு பெண் எம்.பி. தன்னோட கன்னிப்பேச்சுலேயே ஒரு தனிநபர் மசோதாவை முன்வெச்சார். கவுன்சில் கூட்டங்களுக்குப் பத்திரிகைக்காரங்களையும் பொதுமக்களையும் உள்ளே விடணும்ங்கிறது மசோதா. அந்த வருஷமே சட்டமாச்சு. அந்த எம்.பி. மார்கரெட் தாட்சர். அவங்க நோக்கத்துல கொஞ்சம் அரசியல் இருந்தது. பத்திரிகை வேலைநிறுத்தம் நடந்தப்போ சில தொழிற்கட்சிக் கவுன்சில்கள் நிருபர்களை வெளியே நிறுத்தினதுதான் பின்னணி. ஆனா கதவு திறந்தா எல்லாருக்கும்தானே திறக்கும். கமிட்டி அறிக்கைகளையும் பின்னணி ஆவணங்களையும் கூட்டத்துக்கு முன்னாடியே ஜனங்க பார்க்கலாம்னு அடுத்த சட்டம் 1985ல் வந்தது. அப்போ அவங்கதான் பிரதமர். நான் தாட்சர் ரசிகன் இல்லை, இந்த ஊர் வடக்குல இருந்துக்கிட்டு அப்படிச் சொன்னா கடையில பால்கூடக் கொடுக்க மாட்டாங்க. இருந்தாலும் கணக்குன்னா கணக்குதான்.

1960கள்ல ஊர் ஊரா இடிச்சாங்க. லண்டன்ல யூஸ்டன் ரயில் நிலையத்து முன்னாடி இருந்த பெரிய கல்வளைவை எவ்வளவு பேர் கெஞ்சியும் கேக்காம 1961-62ல் இடிச்சது இன்னிக்கும் வயசானவங்களுக்கு ஆறாத புண். 1967ல் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டம் வந்தது. அந்தப் பகுதியோட தன்மையைப் பாதிக்கிற விண்ணப்பம்னா பேப்பர்லயும் போடணும், இடத்துலயும் அறிவிப்பு ஒட்டணும். விளக்குக் கம்பத்து மஞ்சள் காகிதத்தோட பூர்வீகத்தைத் தேடிப்போனா இங்கதான் வந்து நிக்குது.

1968 மார்ச்ல ஆர்தர் ஸ்கெஃபிங்டன் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க. ஜனங்களைத் திட்டமிடல்ல எப்படிச் சேர்த்துக்கறதுன்னு ஆராய. 1969ல் "மக்களும் திட்டமிடலும்"னு அறிக்கை வந்தது. கண்காட்சி வைங்க, கூட்டம் போடுங்க, பேசாத ஜனங்களைத் தேடிப் போங்கன்னு நிறைய நல்ல வார்த்தை. அதே வருஷம் அமெரிக்காவுல ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அம்மா ஒரு கட்டுரை எழுதினாங்க. பங்கேற்பை எட்டுப் படி ஏணியா வரைஞ்சாங்க. கீழ்ப்படியில ஏமாத்துறது, நடுவுல சும்மா தகவல் சொல்றது, கருத்துக் கேக்கறது, சமாதானப்படுத்தறது, உச்சியில ஜனங்க கையிலேயே அதிகாரம். கருத்துக் கேக்கறது நாலாவது படி. அந்தப் படியிலேயே நின்னுட்டா அது வெறும் ஒப்புக்குச் சப்பாணின்னு அவங்க கட்சி. திட்டமிடல் படிக்கிற பசங்க எல்லாரும் இன்னிக்கும் இந்த ஏணியை மனப்பாடம் பண்றாங்க. ஸ்கெஃபிங்டன் அறிக்கையை யாரும் படிக்கிறதாத் தெரியலை. நூலகப் பிரதியில கடைசியா முத்திரை குத்தினது நான் பிறக்கறதுக்கு முன்னாடி.

அறிக்கையைவிடத் தெருதான் அதிகம் சாதிச்சது. லண்டன் கோவென்ட் கார்டன் காய்கறிச் சந்தையை வேற இடத்துக்கு மாத்திட்டு (1974ல் நைன் எல்ம்ஸுக்குப் போச்சு), அந்தப் பகுதியோட பெரும்பகுதியை இடிச்சு ரோடும் ஆபீஸும் கட்ட 1968ல் திட்டம் போட்டாங்க. 1971ல் குடியிருந்தவங்க சங்கம் சேர்த்துப் போராடினாங்க. திட்டக் கமிட்டிக்குத் தலைவரா இருந்த சீமாட்டியே 1972ல் மனசு மாறி ராஜினாமா பண்ணினாங்க. 1973 ஜனவரியில அமைச்சர் ஜெஃப்ரி ரிப்பன் திட்டத்துக்குத் தலையாட்டின மாதிரி ஆட்டிக்கிட்டே அங்க இருந்த 250 கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்டதா அறிவிச்சுட்டார். அதுக்கப்புறம் எதை இடிப்பாங்க? போன தடவை லண்டன் போனப்போ அங்க ஒரு கடையில காபி குடிச்சுட்டு, விலையைப் பார்த்து, இதுக்கு இடிச்சிருந்தாலே தேவலைன்னு நண்பன் சொன்னது வேற விஷயம்.

தமிழ் லண்டன்வாசிகளுக்கு ஒரு கொசுறு. ஹைகேட் முருகன் கோயில் இருக்கிறது ஆர்ச்வே ரோட்டுல. அந்த ரோட்டை அகலப்படுத்தி மோட்டார்வே மாதிரி ஆக்க 1970கள்ல ஒரு திட்டம் இருந்தது. 1976ல் பொது விசாரணை ஆரம்பிச்சப்போ ஜான் டைம் என்ற கல்லூரி ஆசிரியரும் ஊர்க்காரங்களும் கூச்சல் போட்டுக் கூட்டத்தையே நடக்க விடலை. "ரோடு வேணுமாங்கிறதைப் பேச விடாம, எந்தப் பக்கம் போடலாம்னு மட்டும் கேட்டா அது விசாரணையே இல்லை"ங்கிறது அவங்க வாதத்தோட சாரம். இழுத்து இழுத்து 1990ல் திட்டத்தைக் கைவிட்டாங்க.

இவ்வளவு நடந்தும் சாதாரண விண்ணப்பத்துக்கு, அதாவது பக்கத்து வீட்டு மாடி, எதிர்வீட்டுக் கடை, இதுக்கெல்லாம் சட்டக் கட்டாயம் வரலை. 1973ல் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டு, தெரியப்படுத்துங்கன்னு கவுன்சில்களை ஊக்குவிச்சது. நல்ல கவுன்சில் கடிதம் போட்டது, சோம்பேறிக் கவுன்சில் போடலை. ஸ்காட்லாந்துல 1980கள்லேயே கட்டாயமாக்கிட்டாங்க, ஆனா வேடிக்கையான முறையில: விண்ணப்பதாரரே போய்ப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லணும். சண்டைக்காரங்களுக்கு நடுவுல இது எப்படி நடந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க! 2009ல்தான் அந்த வேலையைக் கவுன்சில் எடுத்துக்கிட்டது. இங்கிலாந்துல 1991 சட்டத்தைத் தொடர்ந்து 1992ல் விதி வந்தது. எந்த விண்ணப்பமா இருந்தாலும் இடத்துல அறிவிப்பு ஒட்டணும், இல்லைன்னா ஒட்டியிருக்கிற வீடுகளுக்குக் கடிதம் போடணும். பெரிய திட்டம்னா பேப்பர் விளம்பரமும்.

உரிமை வந்தாச்சு, ஆனா எதைச் சொன்னா எடுபடும்? இதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. வெளிச்சம் மறையுது, ஜன்னல் வழியா எங்க வீட்டுக்குள்ள தெரியும், வண்டி நெரிசல், சத்தம், வடிகால் தாங்காது, இதெல்லாம் செல்லும். என் வீட்டு விலை குறைஞ்சுடும்கிறது செல்லாது. விண்ணப்பதாரர் மோசமான ஆள்ங்கிறது செல்லாது. என் கடைக்குப் போட்டியா வரும்கிறது செல்லாது. என் ஜன்னல்ல தெரியுற அழகான காட்சி போயிடும்னாலும் செல்லாது. கடைசிக்கு ஒரு பழைய சொந்தக்காரன் உண்டு. 1610ல் நார்ஃபோக்ல ஆல்ட்ரெட் என்பவர் தன் வீட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரன் பன்றிக்கொட்டில் கட்டிட்டான்னு வழக்குப் போட்டார். நாத்தத்துக்கு நிவாரணம் கிடைச்சது. ஆனா காற்றும் வெளிச்சமும் தேவை, காட்சி என்பது வெறும் இன்பம், அதுக்கு வழக்கு கிடையாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. அது வேற சட்டப்பிரிவு, ஆனாலும் அந்தப் பன்றிக்கொட்டில் நிழல் இன்னிக்கு வரைக்கும் விழுது.

எண்ணிக்கையும் செல்லாது. நானூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் அது ஓட்டு இல்லை. ஒரே ஒருத்தர் சொன்ன வடிகால் விஷயம் சரியா இருந்தா அதுக்குத்தான் எடை. பத்துல ஒன்பது விண்ணப்பத்துக்கும் மேல அதிகாரிகளே முடிவு பண்ணிடுறாங்க, கமிட்டிக்குப் போறது கொஞ்சம்தான். கமிட்டிக்குப் போனா பெரும்பாலான கவுன்சில்ல மூணு நிமிஷம் பேச விடுவாங்க. அப்புறம் முக்கியமான ஓட்டை: அனுமதி கிடைக்கலைன்னா விண்ணப்பதாரர் மேல்முறையீடு போகலாம், கிடைச்சுட்டா எதிர்த்தவங்க போக முடியாது. நீதிமன்றம் போய் நடைமுறைத் தப்பைக் காட்டலாம், அதுக்குக் காசு வேணும். பக்கத்துல அயர்லாந்துல 1963 சட்டத்துலேர்ந்தே மூணாவது ஆளுக்கும் மேல்முறையீடு உண்டு. ஆனா முதல்லேயே 20 யூரோ கட்டி எழுதியிருக்கணும்.

இந்த உரிமை யாருக்கு எதிராப் பாயும்ங்கிறதுதான் என்னை உறுத்தின விஷயம். ஹெர்ட்ஃபோர்ட்ஷையர்ல பக்திவேதாந்த மேனர்னு ஒரு கிருஷ்ணர் கோயில். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் 1973ல் வாங்கிக் கொடுத்த மாளிகை. ஜன்மாஷ்டமிக்கு ஆயிரக்கணக்குல பக்தர்கள் வர ஆரம்பிச்சதும், குறுகின கிராமத்து ரோட்டுல வண்டிகள் நெரியுதுன்னு ஊர்க்காரங்க புகார். 1980கள்ல பொது வழிபாட்டை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ், விசாரணை, வழக்கு. 1994ல் லண்டன்ல பெரிய ஊர்வலமே போனாங்க. 1996ல் கிராமத்தைத் தொடாம நேரா கோயிலுக்குப் போற தனி ரோட்டுக்கு அமைச்சர் அனுமதி கொடுத்தார், பிரச்சினை அடங்கிடுச்சு. ஊர்க்காரங்க சொன்னதுல ரோடு உண்மைதான். ரோட்டுக்குப் பின்னாடி வேற என்ன இருந்ததுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ஆனா "செல்லும் காரணம்" என்ற விதி இருந்ததால பேச்சு கடைசியில ரோட்டுல வந்து நின்னது, சாமியில நிக்கலை. ரோடு போட்டா தீரும். சாமி பிரச்சினைன்னா எப்படித் தீர்க்கறது?

எங்க தெருக் கதைக்கு வரேன். மாணவர்கள் குவியறதுக்கு இங்க ஒரு வார்த்தையே உண்டு, "ஸ்டூடன்டிஃபிகேஷன்". 2000களோட ஆரம்பத்துல டேரன் ஸ்மித் என்ற புவியியல்காரர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. லீட்ஸ்ல ஹெடிங்லி பக்கம் போனா அர்த்தம் புரியும். 2010ல் மூணுலேர்ந்து ஆறு பேர் வரைக்கும் சேர்ந்து தங்குற வாடகை வீட்டுக்குச் சட்டத்துல தனி வகை உண்டாக்கினாங்க. ஆறுக்கு மேல போனா எங்க இருந்தாலும் அனுமதி வேணும். அதனாலதான் எட்டு அறைக்கு மஞ்சள் காகிதம்.

பதினாலு கடிதத்தையும் மறுபடி படிச்சேன். "மாணவர்கள்"ங்கிற வார்த்தை அதிகாரிக்குச் செல்லாது. யார் குடியிருக்காங்கன்னு பார்க்க முடியாது, எத்தனை பேர், எவ்வளவு சத்தம், எத்தனை குப்பைத்தொட்டின்னுதான் பார்க்கணும். அவங்க கோபத்துல பாதி தானா உதிர்ந்துடும். ஆனா அந்தக் கோபத்துக்குள்ள ஒரு நிஜம் இருந்தது, அதை உள்ளே இருந்து பார்த்தவன் நான்தான். நான் தங்கியிருக்கிற வீட்டுல ஆறு பேருக்கு ரெண்டே தொட்டி. வெள்ளிக்கிழமை ஆனா பை பையா வெளியே நிக்கும், அப்புறம் நரி வந்து கிழிக்கும். சைக்கிள் வைக்க இடமில்லாம எல்லாமே மாடிப்படிக்குக் கீழே அடைஞ்சு கிடக்கும். ராத்திரி தீப்பிடிச்சா எப்படி வெளியே வர்றதுன்னு ஒரு நாள் நினைச்சுப் பார்த்து வியர்த்திருக்கு. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எட்டு அறை போட்டிருந்தாங்க. தொட்டி வைக்கிற இடம் எங்கேயும் இல்லை.

பதினஞ்சாவது கடிதம் நான் எழுதினேன். மாணவர் வீடு வரட்டும், எங்களுக்கும் இருக்க இடம் வேணும்னு ஆரம்பிச்சு, எட்டுப் பேருக்குத் தொட்டி எத்தனை, எங்கே வைப்பாங்க, சைக்கிள் கொட்டகை எங்கே, எட்டாவது அறையோட ஜன்னல் சுவரைப் பார்த்து இருக்கே, இதை எல்லாம் கேட்டேன். ஆதரவா எதிர்ப்பான்னு ஒரு கட்டம் இருந்தது, நடுநிலைன்னு இன்னொரு கட்டமும் இருந்தது. அதுல டிக் பண்ணினேன். கடைசி வரியில, தெருவுல தெரிஞ்ச முகம் இல்லைன்னு எழுதினவங்களுக்கு: நான் இத்தனாம் நம்பர் வீட்டுல இருக்கேன், மாடியில இடதுபக்க ஜன்னல்னு சேர்த்தேன். அப்புறம் அது செல்லாத விஷயமாச்சேன்னு அழிச்சேன். திரும்பவும் சேர்த்தேன். அனுப்பிட்டேன்.

ஏழு வாரம் கழிச்சு முடிவு வந்தது. அனுமதி உண்டு, எட்டு இல்லை, ஏழு அறை. சுவரைப் பார்த்த அறை போச்சு. குடிவர்றதுக்கு முன்னாடி தொட்டிக்கும் சைக்கிளுக்கும் மூடின இடம் கட்டணும்னு நிபந்தனை. அதிகாரியோட அறிக்கையில என் கடிதத்துக்கு ஒண்ணரை வரி: ஒரு குடியிருப்பாளர் குப்பை வசதி, சைக்கிள் வசதி, ஓர் அறையின் வெளிச்சம் பற்றிக் கேள்வி எழுப்பியுள்ளார். ஜன்னல் விஷயத்தை விட்டுட்டாங்க.

ஆனா கடிதம் இணையத்துல இருக்கில்லையா. போன ஞாயித்துக்கிழமை தொட்டியை வெளியே வைக்கப் போனப்போ, எதிர் நடைபாதையில ஒரு வயசான அம்மா நின்னு எங்க மாடியை அண்ணாந்து பார்த்துட்டு, என்னைப் பார்த்து, "இடதுபக்கமா?"ன்னு கேட்டாங்க.